ஊருக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி

தார் வீதி முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்திலேயே மோட்டார் வண்டியொன்றின் இயல்பு நன்கு புலனாகின்றது. நெடுஞ்சாலையில் ஓடும்போது வண்டிகளுக்கிடையே பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை. கல்லும் குழியும், மணலும் சேறும், ஏற்றமும் இறக்கமும் எதிர்ப்படும்போதே எந்த வண்டி எதற்கு உரியது என்பது தெரியவருகின்றது. இலங்கை சிறிய தீவேயாயினும் இத்தகைய பாதைகளுக்கு இங்கே குறைவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களினூடே கல் பரவிய ஒடுங்கிய பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோபெட்ஸ் கணவாயைக் கடந்து மீமுரே கிராமத்துக்கு இறங்கும் வழி செங்குத்தான வளைவுகளை உடையது. வில்பத்துக் காட்டுத் தடங்களில் மணல் சில்லுகளை உள்ளிழுக்கின்றது. வன்னியின் வயலோரப் பாதைகள் கோடையிற் புழுதியாகவும் மாரியிற் களியாகவும் மாறிவிடுகின்றன.

இவ்வகைப் பாதைகளுக்கெனவே நான்கு சில்லுகளாலும் இயங்கும் வண்டி தோன்றிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஆம் ஆண்டு முதல், அமெரிக்காவின் வில்லிஸ் கம்பனி பெருந்தொகையாகச் செய்த ஜீப் வண்டி இவற்றுள் பெயர்பெற்றது. போர் முடிந்தபின் இங்கிலாந்தின் றோவர் கம்பனி, கமக்காரரை மனத்திற் கொண்டு லாண்ட் றோவர் வண்டியை அமைத்து, 1948 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிற்று. அவை இரண்டும் தொழில் வண்டிகள். இன்று நிலைமை வேறு. நான்கு சில்லு இயக்கமுடைய வண்டி பல குடும்பங்களில் நாளாந்த வண்டியாகிவிட்டது. காலையிற் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், பின்னர் அலுவலகத்துக்குச் செல்வதும், மாலையிற் சந்தைக்குச் செல்வதும் அதே வண்டியே. விடுமுறை வந்ததும் அவ்வண்டியையே மலைக்கோ காட்டுக்கோ கொண்டுசெல்ல வீட்டார் விரும்புகின்றனர். அவ்வாறு விரும்புவோர் தம் வண்டியை எந்த அளவுக்குத் திருத்தி அமைத்துக்கொள்ளலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இதற்கு விடை காணுமுன் ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். வண்டியிற் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பெற்றுக்கொள்ளும். உயரத்தைத் தரும் மாற்றம் உறுதியைக் குறைக்கும். வலிமையைத் தரும் இரும்புப் பொருத்து பாரத்தைக் கூட்டும். சேற்றைப் பற்றும் ரயர் மழை நனைத்த தார் வீதியில் வழுக்க நேரும். காட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு இக்குறைகள் பெரிதல்ல. கடுகண்ணாவை இறக்கத்திலே லொறிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டிய வண்டிக்கு அவை உயிர்ப்பிரச்சினையாகும். ஆதலின், மிகுதியாகத் தந்து மிகக் குறைவாகப் பெறும் மாற்றம் எதுவோ அதனையே முதலிற் செய்தல் அறிவுடைமை.

இதனை விளக்குவதற்கு எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். யப்பானின் சுசூக்கி கம்பனி 1970 ஆம் ஆண்டு முதல் செய்துவரும் ஜிம்னி என்னும் சிறு வண்டி, அளவிற் சிறியதாயினும் அமைப்பில் மெய்யான கரடுபாதை வண்டியாகும். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் நான்காம் தலைமுறை வண்டியும் ஏணி போன்ற இரும்புச் சட்டகத்தின்மீதே அமைந்துள்ளது. முன்னும் பின்னும் ஒரே துண்டான விறைத்த அச்சுகள் சுருள்விற்களால் தாங்கப்படுகின்றன. சாதாரண கியர்களுக்குப் புறம்பாகத் தாழ்கியர்த் தொகுதியும் அதற்குண்டு. அதனை இட்டால் சில்லுகள் ஏறத்தாழ அரைப்பங்கு வேகத்திற் சுழலும். அவற்றைத் திருப்பும் வலிமையோ இருமடங்காகும். அச்சுக்கும் நிலத்துக்கும் இடையே 210 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. முன் சில்லு நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து முன் பம்பரின் கீழ் விளிம்பை நோக்கிக் கோடொன்று வரைந்தால் அது நிலத்துடன் 37 பாகைக் கோணத்தை அமைக்கும். பின்புறத்தில் இக்கோணம் 49 பாகை. இக்கோணங்கள் பெரியனவாக இருப்பின், மேட்டில் ஏறும்போது மூக்கும், இறங்கும்போது வாலும் நிலத்தில் இடிபடா. தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே இருக்கும் இத்தகைய வண்டி, இலகுவான காட்டுத் தடங்களுக்குப் பெரும்பாலும் போதுமானதே. அதன் உரிமையாளர் எதனையும் வாங்குமுன் இவ்வுண்மையை உணர்தல் நன்று.

முதலிற் செய்யவேண்டிய வேலை பொருள் வாங்குவதன்று, உள்ளதைச் சோதித்தல். வண்டியின் அடியில் விளக்கொன்றைப் பிடித்துப் பார்த்தால் பல செய்திகள் தெரியவரும். அச்சுத் தண்டுகளின் முனையிலுள்ள றப்பர் உறைகள் வெடித்துள்ளனவா, அதிர்வுதாங்கிகளில் எண்ணெய் கசிகின்றதா, பிறேக் குழாய்கள் துருப்பிடித்துள்ளனவா, மேலதிகச் சில்லில் காற்று உண்டா என்பனவற்றைப் பார்த்தல் வேண்டும். நகரத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியின் தாழ்கியர் நெம்பு ஒருமுறையேனும் அசைக்கப்படாமல் இறுகிப்போயிருப்பதுண்டு. காட்டின் நடுவில் அதனை அறிவதினும் வீட்டு முற்றத்தில் அறிவது மேல்.

சாரதி அறியவேண்டியதும் ஒன்றுண்டு. ஜிம்னி போன்ற வண்டிகளில், நான்கு சில்லு இயக்கத்தை இட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. வளைவில் திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட வட்டத்திற் செல்கின்றன. மணலிலும் சேற்றிலும் சில்லு சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார் வீதியில் வழுக்க இடமில்லாமையால், கியர்களும் தண்டுகளும் முறுக்கேறிப் பழுதடையும். ஆகவே கரடுபாதை முடிந்ததும் இரண்டு சில்லு இயக்கத்துக்கு மீளுதல் இன்றியமையாதது.

பணம் செலவிடத் தொடங்கினால் முதற் செலவு ரயர்களுக்கே உரியது. எஞ்சின் எத்துணை வலியதாயினும் அவ்வலிமை நிலத்தைச் சேர்வது நான்கு உள்ளங்கையளவான றப்பர்ப் பரப்புகளின் வழியாகவே. வீதி ரயர், எல்லாப் பாதைக்குமான ரயர், சேற்று ரயர் என இவற்றை மூவகைப்படுத்தலாம். சேற்று ரயரின் பெரிய கட்டைகள் களியை வெட்டிச் செல்லும். ஆயின் தார் வீதியில் அது இரைச்சலிடும், மழையில் பிறேக் பிடிக்கும்போது கூடிய தூரம் ஓடும். நாளாந்த வண்டிக்கு நடுவகையே ஏற்றது. அதன் பக்கச்சுவர் தடித்ததாக இருப்பின் கூரிய கல் கிழிக்கும் அபாயமும் குறையும்.

பெரிய ரயரைப் பொருத்தவேண்டும் என்ற ஆசை பலருக்கு எழுகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் நயமும் நட்டமும் விளங்கும். ஜிம்னிக்குரிய 195/80 அளவுள்ள 15 அங்குல ரயரின் விட்டம் 693 மில்லிமீற்றர். 215/75 அளவுள்ள ரயரை இட்டால் விட்டம் 703 மில்லிமீற்றரைச் சற்றுக் கடக்கும். விட்டத்திற் கூடிய 10 மில்லிமீற்றரில் பாதியே அச்சை உயர்த்தும். அதாவது கிடைத்த உயரம் 5 மில்லிமீற்றர். 235/75 அளவுள்ள ரயரை இட்டால் விட்டம் 733 மில்லிமீற்றரைக் கடக்கும். அச்சு 20 மில்லிமீற்றர் உயரும். அந்த 20 மில்லிமீற்றருக்குக் கொடுக்கும் விலை யாது? சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 6 வீதம் கூடுகின்றது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி, மணிக்கு 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி 63 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடும். கியர்கள் எல்லாம் அதே அளவுக்கு நீண்டனபோலாகி, ஏற்றத்தில் எஞ்சின் தளரும். பாரமான சில்லை நிறுத்துவதற்குப் பிறேக்கும் கூடுதலாக உழைக்கவேண்டும். முழுதாகத் திருப்பும்போது ரயர் உட்காப்பில் உராயவும் கூடும். இலகுவான தடங்களுக்குச் செல்வோர் உரிய அளவிலேயே, அன்றி அதற்கு அடுத்த அளவிலேயே நிற்பது சாலும்.

ரயரின் அளவினும் அதன் காற்றமுக்கம் பெரும் பயன் தருவது. இதற்குச் செலவும் மிகச் சிறிது. வீதியில் சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல் அமுக்கத்தில் ஓடும் இலேசான வண்டியொன்று மணலைக் கண்டதும் 18 இறாத்தலுக்கு இறக்கப்பட்டால், ரயர் தட்டையாகி நிலத்திற் படியும் பரப்பு நீளும். பாரம் பரந்து விழுவதால் சில்லு மணலிற் புதையாது; கற்பாதையிலோ ரயர் கல்லை அணைத்துச் செல்வதால் குலுக்கலும் குறையும். எனினும் காற்றிறக்கிய ரயரில் வேகமாக ஓடலாகாது. பக்கச்சுவர் ஓயாது மடிந்து நிமிர்வதால் சூடேறி ரயர் வெடிக்கும். திடீரெனத் திருப்பினால் ரயர் விளிம்பை விட்டுக் கழலும். தார் வீதிக்கு மீண்டதும் மறுபடி காற்றடித்தல் வேண்டும். ஆகையினால் அமுக்கமானி ஒன்றும், வண்டியின் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றும் முதற் கொள்வனவுகளில் இடம்பெறத்தக்கன. இவை இருக்கையின் கீழ் அடங்கும். வண்டியின் இயல்பைச் சிறிதும் மாற்றா.

அடுத்ததாக வண்டியை உயர்த்துதல் பற்றிப் பேசப்படுவதுண்டு. இங்கே ஒரு பொதுவான மயக்கம் உளது. நீண்ட சுருள்விற்களை இட்டு வண்டியை 50 மில்லிமீற்றர் உயர்த்தினால், உயர்வது உடலும் சட்டகமுமே. விறைத்த அச்சின் நடுவிலே தொங்கும் பல்லுச் சில்லுப் பெட்டி முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும்; அதனை உயர்த்த வல்லது ரயர் ஒன்றே. உடல் உயர்வதாற் பயனில்லை என்பதன்று. மூக்கும் வாலும் வயிறும் இடிபடுவது குறையும். ஆனால் உயரம் கூடக்கூட வண்டியின் புவியீர்ப்பு மையமும் மேலேறுகின்றது. வளைவிலும் பக்கச் சரிவிலும் சாயும் இயல்பு மிகுகின்றது. முன் அச்சைத் தாங்கும் புயங்கள் கீழ்நோக்கிச் சரிவதால் அச்சு சற்றே சுழன்று, சுக்கான் தானாக நேர்நிலைக்கு மீளும் இயல்பு குன்றுகின்றது. நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயத் தொடங்கும். அச்சைச் சட்டகத்துடன் குறுக்கே பிணைக்கும் கோலின் சாய்வு மாறுவதால் அச்சு ஒரு பக்கமாக நகர்கின்றது. முன்விளக்குகளின் ஒளியோ எதிரே வருவோரின் கண்ணிற் பாய்கின்றது. இவையெல்லாம் திருத்தக்கூடியனவே, ஆயின் ஒவ்வொரு திருத்தமும் மற்றொரு செலவு. பழைய விற்கள் தளர்ந்திருப்பின் அவற்றையும் அதிர்வுதாங்கிகளையும் புதுக்கி, 25 மில்லிமீற்றர் முதல் 40 மில்லிமீற்றர் வரை உயர்த்துவதோடு அமைவது அடக்கமான மாற்றமாகும்.

உயரத்தைப்போலவே பாரமும் கருதற்பாலது. மென்மையான மயிலிறகேயாயினும் அளவுகடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்னும் உவமையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அவ்வுவமை இன்றைய மோட்டார் வண்டிக்கும் முற்றும் பொருந்துகின்றது. மேற்கூறிய ஜிம்னி வண்டியின் வெறும் பாரம் ஏறத்தாழ 1,100 கிலோகிராம். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து அது தாங்கத்தக்க மொத்தப் பாரம் 1,435 கிலோகிராம். இடைவெளி ஏறத்தாழ 335 கிலோகிராமே. ஒருவர் 65 கிலோகிராமாக நால்வர் ஏறினால் 260 கிலோகிராம் போய்விடும். எஞ்சிய 75 கிலோகிராமிலேதான் உணவும் நீரும் கருவிகளும் அடங்கவேண்டும். முன்புறம் இரும்புப் பம்பரும், அதன்மேல் கம்பிக் கயிறு சுற்றும் வின்ச் இயந்திரமும், கூரைமேல் இரும்புத் தட்டும் பொருத்தினால் ஒருவரும் பை எடுத்து வரமுடியாது. கூரைமேல் ஏற்றும் பாரம் இன்னும் தீயது. அது மிக உயர்ந்த இடத்தில் இருப்பதால் வண்டியைக் கவிழ்க்கும் வலிமை அதற்கு மிகுதி. வண்டியின் கைநூலில் கூரைக்குரிய எல்லை தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதை நோக்குதல் வேண்டும். பாரமான பொருள்கள் இரு அச்சுகளுக்கும் இடையே, தாழ்வாக, அசையாதபடி கட்டப்படுதல் முறை.

வின்ச் தேவையில்லையெனில், புதைந்த வண்டியை மீட்பது எவ்வாறு? இலகுவான தடங்களில் ஒரு மண்வெட்டியும், சில்லின் கீழ் இடத்தக்க இரு பலகைகளும், மற்றொரு வண்டியின் துணையும் பெரும்பாலும் போதும். காற்றை இறக்கி, சில்லின் முன்னுள்ள மணலை அகற்றி, பலகையை இட்டால் பல வண்டிகள் இழுக்காமலே வெளிவரும். கயிற்றால் இழுக்க நேர்ந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. வண்டியின் முன்னும் பின்னும், சட்டகத்துடன் உறுதியாகப் பொருத்தப்பட்ட கொளுவிகள் இருத்தல் வேண்டும். தொழிற்சாலையில் இடப்பட்ட மெல்லிய வளையங்களுள் சில, கப்பலில் வண்டியைக் கட்டிவைப்பதற்கு மாத்திரமே உதவுவன. பின்னால் இழுவைப் பெட்டி பூட்டுவதற்கு இடப்படும் இரும்புக் குண்டில் கயிற்றை மாட்டுவது ஒருபோதும் ஆகாது. அது இழுவையின் அதிர்ச்சியிற் கழன்று, பீரங்கிக் குண்டு போற் பறந்து, ஆட்களைக் கொன்ற நிகழ்ச்சிகள் உள. கயிறு இழுபடும்போது சாரதிகள் தவிர்ந்த ஏனையோர், கயிற்றின் நீளத்தைவிடக் கூடிய தூரத்துக்கு விலகி நிற்றல் வேண்டும். கயிற்றின் நடுவே பாரமான சாக்கொன்றைப் போர்த்திவைத்தால், அது அறுந்து வீசும் வேகம் தணியும். உறுதியான கொளுவிகளும் தரமான கயிறுமே மீட்புக்கென முதலில் வாங்கத்தக்கவை. பிள்ளைகள் சுற்றிநின்று வேடிக்கை பார்ப்பதைத் தடுப்பதற்குச் செலவேயில்லை.

வண்டியின் அடிப்புறக் காப்பும் பயனுடையது. எண்ணெய்த் தாங்கி, கியர்ப்பெட்டி, எரிபொருள் தாங்கி ஆகியவற்றுள் காப்பின்றித் தொங்குபவை எவை என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் உலோகத் தகடு இடலாம். ஒரு கல் எண்ணெய்த் தாங்கியைத் துளைத்துவிட்டால் எஞ்சினே அழியும். அடிப்புறம் முழுவதையும் தடித்த இரும்பால் மூடுவதோ மறுபடியும் பாரப் பிரச்சினையைக் கொண்டுவரும்.

நீரைக் கடத்தல் பற்றியும் சிறிது கூறுதல் தகும். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கியதும், அதனுள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகின்றது. அச்சின்மேல் உள்ள சிறு சுவாசத் துளை நீரினுள் அமிழ்ந்திருப்பின், காற்றுக்குப் பதிலாக நீரே உள்ளிழுக்கப்படும். எண்ணெயுடன் நீர் கலந்தால் பற்களும் உருளைகளும் சில மாதங்களில் தேய்ந்துபோகும். காரணம் இன்னதென்பது உரிமையாளருக்குத் தோன்றவும் மாட்டாது. அத்துளையிலிருந்து சிறு றப்பர்க் குழாயொன்றை எஞ்சின் அறையின் உயரமான இடத்துக்குக் கொண்டுசென்றால் இக்கேடு நீங்கும். செலவு சிறிது, பாரம் இல்லை, வீதியோட்டத்துக்கு இடையூறும் இல்லை. அடக்கமான திருத்தத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. இவ்வாறு செய்த பின்னரும் சில்லின் நடு அச்சை மூடும் ஆழத்தில் இறங்காதிருத்தல் வேண்டும். ஓடும் நீரின் ஆழத்தை முதலிற் கோலாற் பார்த்தல் வேண்டும். வெளியேறியபின் பிறேக்கை மெல்ல மெல்ல அழுத்தி உலரவைத்தல் வேண்டும்.

வண்டியின் அமைப்பை மாற்றுவோர் சட்டத்தையும் மறத்தலாகாது. இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வண்டிகள் பதிவு செய்யப்படுகின்றன. உயரத்தையோ சில்லின் அளவையோ பம்பரையோ மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் விசாரித்துக்கொள்வது நன்று. விபத்துக்குப் பின் எழும் கேள்வியை விபத்துக்கு முன்னரே கேட்டுவைத்தால் இழப்பு இல்லை.

பாதைக்குரிய கடமையும் உண்டு. நக்கிள்ஸ் மலைக்காடு, 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட இலங்கையின் மத்திய மலைநாட்டைச் சேர்ந்தது. அங்கே ஈரமான சரிவிற் சில்லைச் சுழலவிட்டுக் கிழிக்கும் ஒரு தடம், அடுத்த மழையில் வாய்க்காலாகி, மண்ணை ஓடைக்குக் கொண்டுசெல்கின்றது. அந்த ஓடைநீரைக் கீழே உள்ள கிராமத்தார் குடிக்கின்றனர். தடத்தை விட்டு விலகாமையும், சேறு மிகுந்த நாளிற் செல்லாமையும் வண்டியோட்டியின் திறமையைச் சேர்ந்தனவே. தேசிய வனங்களிலோ தடத்தை விட்டு விலகுதல் சட்டப்படியும் குற்றமாகும்.

கூறியவற்றை ஒழுங்குபடுத்திக் கொள்வோமாக. முதலிற் சோதனையும் செப்பனிடலும். இரண்டாவது உரிய அளவிலான நல்ல ரயர். மூன்றாவது அமுக்கமானியும் பம்பியும். நான்காவது உறுதியான கொளுவிகளும் மீட்புக் கயிறும். ஐந்தாவது சுவாசக் குழாயும் தேவையான இடத்து அடித்தகடும். இவை முடிந்தபின் வண்டியை ஓராண்டு ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சென்ற தடங்களில் எங்கே இடிபட்டது, எங்கே நின்றது என்று குறித்துவந்தால், விற்களை மாற்றுவது தேவையா என்பதை வண்டியே கூறிவிடும். தேவையில்லை என்று காண்போரே பலராக இருப்பர்.

இத்தகைய வண்டி ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கிவருகின்றது. வீதியோரத்தில் நிறுத்தி ரயர்களுக்குக் காற்றடிக்கின்றனர், அடியிற் சிக்கிய கல்லையும் புல்லையும் அகற்றுகின்றனர், பிறேக்கைச் சோதிக்கின்றனர். திங்கட்கிழமை காலையில் அது வழக்கம்போலப் பிள்ளைகளைப் பாடசாலை வாயிலில் இறக்கிவிடுதல் வேண்டும். அந்தப் பயணத்தில் முன்பிருந்ததைவிடச் சிறிதேனும் அபாயம் கூடியிருக்குமாயின், செய்த திருத்தம் எத்துணை அழகியதாயினும் அது திருத்தமாகாது.